கடலில் விழுந்த அரை மணித்தியாலம்

மருதனார்மடச் சந்தியில், மரக்கறிச் சந்தைக்கு எதிரே, ஒரு சீமெந்துக் கடையின் மேல்மாடியில் அந்தச் சபை இருக்கிறது. அதன் பெயர் கட்டடத்தை விட நீளம். "தீவிடை வான்தூர, வான்நேர நிர்ணய, அத்தாட்சிப்படுத்தல் மற்றும் மேன்மைப்படுத்தல் சபை" என்று எழுதிக்கொண்டு போனவர்களுக்குச் சுவர் போதவில்லை. கடைசிச் சொல்லைப் பக்கத்துச் சலூனின் சுவரில் எழுதி முடித்தார்கள். முடிவெட்ட வருகிற சனம் சலூனின் பெயரே "சபை" என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சந்தைக்காரர் பெயரைச் சுருக்கித் தூரச்சபை என்பார்கள்.

இரண்டு தீவுகளில் உள்ள விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், அதைப் பறந்து கடக்க எவ்வளவு நேரம் என்று தீர்ப்புச் சொல்வது தூரச்சபையின் வேலை. கைத்தொலைபேசியில் தட்டினால் எந்தப் பள்ளிப்பிள்ளைக்கும் அது சொல்லிவிடும். ஆனால் கைத்தொலைபேசிக்கு மேசை இல்லை, வாகனம் இல்லை, சாரதி இல்லை. ஆகவே அது சொல்லும் தூரம் செல்லாது.

தொண்டைமானாற்றுத் தில்லைநாதனுக்கு இப்படி ஒரு சபை உலகத்தில் இருப்பதே தெரியாது. வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர் அவர். மேசைக்குப் பின்னால் யாராவது இருந்தால் நின்றுகொண்டு கதைக்கிற ஆள். அவரைத் தூரச்சபையின் படியேற வைத்தது அவருடைய மனைவியின் வருத்தம்.

பத்மாசினிக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு, "வீட்டை கொண்டுபோய் விரும்பினதைக் குடுங்கோ" என்று சொல்லி விடுவிப்புத் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மகள் துஷாந்தினி தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு தாயோடு வந்து இருந்துவிட்டாள். பத்மாசினி சாப்பாடு ஒன்றும் கேட்கவில்லை. ஒரேயொரு ஆசைதான், அது போதும் அவளுக்கு.

"சின்னவனை ஒருக்காக் கண்டிட்டனெண்டால் காணும்."

சின்னவன் லக்சன் மாலைதீவுப் பக்கம் ஹிரிதூ என்ற தீவில் ஒரு உல்லாச விடுதியில் படகோட்டி. வெள்ளைக்காரரைக் கடலுக்குள் கூட்டிப்போய் மீன் காட்டுகிற வேலை. தொண்டைமானாற்றில் மீனைக் கண்டால் பிடிப்பார்கள். அங்கே காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்களாம். தில்லைநாதன் தொலைபேசி எடுத்தபோது அவன் அழுதுவிட்டுச் சொன்னான்.

"நாளைக்கே வெளிக்கிடுறன் அப்பா. கொழும்பாலை வந்தால் ஒரு முழு நாள் பிடிக்கும். வாற வெள்ளி இஞ்சையிருந்து பலாலிக்கு நேரை பிளேன் விடப்போறாங்களாம். ரெண்டு மணித்தியாலமும் இல்லை. எது நல்லம்?"

கடற்கரைக்காரரிடம் ஒரு குணம் உண்டு. கிட்ட என்றால் கைக்குள் என்று நினைப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் கரை. கரை தெரிந்தால் வந்த மாதிரி. பலாலி ஓடுபாதையில் இறங்குகிற விமானம் தில்லைநாதன் வீட்டு முருங்கையை முட்டுகிற மாதிரித்தான் போகும். அதில் இருந்து மகன் இறங்கினால் கால்மணித்தியாலத்தில் தாயின் தலைமாட்டில் நிற்பான். கொழும்பு போய், பஸ்ஸில் இடிபட்டு, பாதி லீவை வழியில் கொட்டிவிட்டு ஏன் வரவேண்டும்?

"சுத்தி வராதை மோனை. நேரை வா," என்றார்.

அவர் வாழ்நாளில் சொன்ன சொற்களில் அவரைத் திரும்பத் திரும்ப வந்து கடிக்கப்போகிற சொல் அதுதான். அப்போது அது நல்ல புத்தியாகவே இருந்தது.

வியாழக்கிழமை லக்சன் திரும்ப எடுத்தான். விமானம் இல்லை என்றான். விமானம் நிற்கிறது, ஓட்டுகிறவர் நிற்கிறார், எண்ணெய் அடித்தாயிற்று. தூரம்தான் இன்னும் ஆயத்தமாகவில்லையாம். மருதனார்மடத்தில் ஒரு சபை அத்தாட்சிப்படுத்த வேண்டுமாம்.

தில்லைநாதன் மோட்டார்சைக்கிளை உதைத்தார்.

மேல்மாடியில் வாசலோடு ஒரு பெண் இருந்தாள். பிரியந்தினி என்று மேசையில் பெயர் இருந்தது. முகத்தில் கருணை இருந்தது. ஆனால் அதைப் பாவிக்க அவளுக்கு அனுமதி இருக்கவில்லை.

"பிள்ளை, ஹிரிதூப் பிளேன் எப்ப வரும்?"

"தூரம் நிச்சயமாகேல்லை ஐயா."

தில்லைநாதன் தன் தொலைபேசியைக் காட்டினார். லக்சன் அனுப்பிய படம் அதில் இருந்தது. இரண்டு புள்ளி, நடுவே ஒரு வளைந்த கோடு, கீழே தூரமும் நேரமும் அச்சொட்டாக.

பிரியந்தினி அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உதை இஞ்சை காட்டாதையுங்கோ ஐயா. உது உத்தியோகபூர்வமற்ற தூரம். தலைவர் கண்டால் ஏசுவார்."

தலைவர் செல்வரட்ணம் கண்டார், ஏசவில்லை. மாறாக உள்ளே கூப்பிட்டு இருத்தி, பொதுசனத்துக்கு விளக்குவதில் தனக்குள்ள ஆசையைத் தீர்த்துக்கொண்டார். அவர் தனி ஒருவரோடு கதைத்தாலும் கூட்டத்துக்குப் பேசுகிற மாதிரித்தான் பேசுவார். கண் சுவருக்கு மேலே ஓரிடத்தில் நிற்கும்.

"தூரம் என்பது சாதாரண மக்கள் கருதுவது போல இரண்டு இடங்களுக்கு நடுவில் கிடக்கின்ற ஒன்று அல்ல. அது இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் கிடக்கின்றது. எங்கள் அலுவலகம் ஒப்புக்கொள்ளும்வரை இந்த இரு தீவுகளுக்கும் இடையே தூரமே கிடையாது. தூரமே இல்லாத இடத்தில் விமானம் எப்படிப் பறக்கும்?"

தில்லைநாதனுக்கு அது ஞாயமாகவும் பட்டது, விசராகவும் பட்டது. "அளக்கிறது கஷ்டமோ ஐயா?" என்று கேட்டார்.

தலைவர் எழுந்து ஒரு உலக உருண்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதுதான் சபையின் அளவுகோல். ஒரு நூலின் ஒரு நுனியைப் பலாலியில் வைத்து மறு நுனியை ஹிரிதூவில் வைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், சபை தொடங்கிய நாளிலிருந்து வந்த தலைவர்மார் எல்லாரும் எந்தத் தூரத்தை அளந்தாலும் பெருவிரலை யாழ்ப்பாணத்தில் ஊன்றித்தான் அளந்தார்கள். ஊன்றி ஊன்றிக் குடாநாடு தேய்ந்து போய்விட்டது. வடக்கே இலங்கை வவுனியாவோடு முடிந்து, பிறகு வெள்ளைக் காகிதம் தெரிந்தது.

"யாழ்ப்பாணம் இருக்கின்றது என்பதற்கு எங்களிடம் இப்போது ஆதாரம் இல்லை," என்றார் தலைவர். "புது உருண்டைக்கு எழுதியிருக்கின்றோம். அதுவரை வவுனியாவிலிருந்து அளந்து, மிச்சத்தைக் கண்ணளவாகச் சேர்ப்பதா என்று ஒரு உபகுழு ஆராய்கின்றது."

"ஐயா, என்ரை மனுசி சாகக் கிடக்கிறா. பொடியன் அதிலைதான் வரவேணும்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? மிகவும் நல்ல விடயம். இந்தச் சேவையின் மனிதாபிமான முக்கியத்துவத்துக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எங்களுக்குக் கிடைக்காது."

படியிறங்கும்போது பிரியந்தினி மட்டும் மெல்லக் கேட்டாள். "அம்மா சாப்பிடுறாவோ ஐயா?" தில்லைநாதன் தலையை ஆட்டினார். ஓம் என்றா இல்லை என்றா ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

பத்மாசினியின் கட்டில் யன்னலோடு இருந்தது. உடம்பு முழுக்க வற்றிப்போயும் காது மட்டும் வற்றவில்லை. அந்தக் காது பெரிய காது. சண்டைக் காலத்தில் ஊர் முழுக்க அந்தக் காதை நம்பியிருந்தது. தொலைவில் இரைச்சல் தொடங்க முன்னமே அவள் சொல்லிவிடுவாள்: இது பொம்மர், இது ஹெலி, இது சகடை. சகடை என்பது மேலேயிருந்து உருளை உருளையாகக் குண்டு தள்ளிவிடுகிற ஒரு கிழட்டு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர். அவள் "சகடை" என்றால், அடுப்பில் கிடக்கிறது கருகினாலும் எல்லாரும் பங்கருக்குள். லக்சனை வயிற்றில் வைத்துக்கொண்டும் அப்படி ஓடியிருக்கிறாள்.

வானத்தில் சத்தம் கேட்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடியவள், இப்போது பிள்ளையைக் கொண்டுவரச்சொல்லி வானத்தைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். தில்லைநாதனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வெளியே போய் ஒரு எஞ்சினைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். அதில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

"என்ன சொன்னவை?" என்று அவர் உள்ளே வந்ததும் பத்மாசினி கேட்டாள்.

"ரெண்டு மணித்தியாலம்தான் பத்மா. வெளிக்கிட்டால் வந்த மாதிரி."

"அப்ப பொறுப்பம்," என்றாள்.

அடுத்த கிழமை சபையின் முழுக்கூட்டம். உருண்டைப் பிரச்சினை தீர்ந்திருந்தது. வெள்ளைக் காகிதத்தில் பேனையால் குடாநாட்டைக் கீறிவிட்டார்கள். கீறியவர் வட்டுக்கோட்டைக்காரர், ஆகவே வட்டுக்கோட்டை கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. பரவாயில்லை, தூரம் நிச்சயமாகிவிட்டது. தில்லைநாதன் மூலையில் ஒரு கதிரையில் இருந்து நெஞ்சில் கைவைத்துச் சந்நிதி முருகனைக் கும்பிட்டார்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். ஒரு அங்கத்தவர் எழுந்து நேரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

ஹிரிதூ மணிக்கூடு எங்கள் மணிக்கூட்டை விட அரை மணித்தியாலம் பின்னால். ஆகவே இங்கிருந்து போகிறவருக்குப் பயணம் அரை மணித்தியாலம் குறைந்தும், அங்கிருந்து வருகிறவருக்கு அரை மணித்தியாலம் கூடியும் தெரியும். மணிக்கூட்டைத் திருப்பி வைத்தால் முடிகிற விடயம். அங்கத்தவர் அப்படி விடவில்லை.

"வருகின்ற பயணியிடமிருந்து அரை மணித்தியாலம் பறிக்கப்படுகின்றது. அது எங்கே போகின்றது? யார் எடுக்கின்றார்கள்?"

கூட்டம் திடுக்கிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த அரை மணித்தியாலம் இலங்கைக்குச் சொந்தமா, மாலைதீவுக்குச் சொந்தமா, நடுக்கடலில் விழுந்து யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறதா என்று விவாதம் கிளம்பியது. கடலில் விழுந்ததை எடுக்கிறவனுக்கே அது சொந்தம் என்று ஒருவர் சட்டம் சொன்னார். தேநீர் வந்தது. வடை வந்தது. வடை ஆறிவிட்டதைப் பற்றி ஒரு சிறு விவாதம் நடந்து, அது மட்டும் உடனே தீர்க்கப்பட்டது. அரை மணித்தியாலத்தை மீட்பதற்கு ஒரு உபகுழு அமைத்து, உபகுழு கூடுவதற்கு அடுத்த வாரம் நேரம் ஒதுக்கினார்கள்.

தில்லைநாதன் எழுந்து நின்றார். மேசைக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாத மனுசன், கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயாமாரே, பிழையாய் நினைக்காதையுங்கோ. பொடியனைக் கொழும்பாலை வரச்சொல்லுறன். உங்கடை பிளேன் வரேக்கை வரட்டும்."

தலைவர் அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அது முடியாது. உங்கள் மகன் முதற் பயணியாகப் பிரகடனப்படுத்தப்பட்டுவிட்டார். வேறு வழியால் அவர் நாட்டுக்குள் வந்துவிட்டால், ஏற்கெனவே வந்திருக்கின்ற ஒருவர் எப்படி முதலாவதாக வருவார்? அவருடைய கடவுச்சீட்டும் அங்குள்ள எங்கள் கிளையில்தான் இருக்கின்றது. முதற் பயணிக்கான பொன் முத்திரை குத்துவதற்காக."

"அதைக் குத்திக் குடுங்கோவன் ஐயா."

"முத்திரை இங்கே இருக்கின்றது," என்றார் தலைவர்.

பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது என்பார்களே, அப்படித்தான். தில்லைநாதன் படியில் இறங்கி, சலூன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் ஊன்றிய இடத்தில் "சபை" என்று எழுதியிருந்தது. சந்தையில் வாழைக்குலை ஏலம் போய்க்கொண்டிருந்தது. ஆஞ்சநேயர் கோயில் பக்கம் திரும்பி, கடலை ஒரே பாய்ச்சலில் தாண்டியவரிடம் இதைச் சொல்லி அழவேண்டும் போல இருந்தது. அவருக்கு ஒருவரும் தூரம் அளந்து கொடுக்கவில்லை.

வீட்டில் அரை மணித்தியாலத்துக் கதையை அவர் சொல்லியிருக்கக்கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டார். பத்மாசினி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் கொடுத்த விலை முகத்தில் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ. ஒருத்தருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிற அந்த அரை மணித்தியாலத்தை எனக்குத் தரச்சொல்லிக் கேளுங்கோ. எனக்குக் காணும்."

துஷாந்தினி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள்.

அதற்குப் பிறகு பத்மாசினி சிரிக்கவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஒரு நாள் இழுத்தது, இரண்டு நாள் இழுத்தது. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. பக்கத்து வீட்டு அருமைநாயகி வந்து பார்த்துவிட்டுத் தில்லைநாதனை முற்றத்துக்குக் கூப்பிட்டாள். அவளும் கடற்கரை மனுசி. சாவை நிறையக் கண்டவள்.

"தம்பி, அவ சின்னவனை நினைச்சுத்தான் இழுத்துக்கொண்டு கிடக்கிறா. உவ்வளவு நோவோடை வைச்சிருக்கப்படாது. பாலைப் பருக்குங்கோ. அவன் தாறானெண்டு அவன்ரை பேரைச் சொல்லித் துஷா பருக்கட்டும். சனம் அப்பிடித்தானே செய்யிறது."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. உயிர் இழுபடும்போது பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரண்டியால் பால் பருக்குவார்கள். தூரதேசத்தில் இருக்கிற பிள்ளைக்காக இன்னொருவர், "கனடாவிலிருந்து பெரியவன் தாறான், குடியுங்கோ" என்று பேரைச் சொல்லிப் பருக்குவார். குடித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். ஊரில் பாதிச் சனம் பிள்ளைகளின் பேரைக் குடித்துத்தான் போயிருக்கிறது.

"வேண்டாம்," என்றார் தில்லைநாதன். "அவன் வாறான். ரெண்டு மணித்தியாலம்தானே. அவனே வந்து பருக்குவான்."

"தம்பி..."

"கிட்டத்தான் அக்கா. கிட்டத்தான் நிக்கிறான்."

கடைசியில் தூரச்சபை இரங்கியது. உபகுழுவின் ஆராய்ச்சி முடியவில்லை என்றாலும், புதன்கிழமை நல்ல நாள் என்பதாலும், பந்தல்காரர் வேறு நாள் தரமாட்டேன் என்றதாலும் விமானம் புதன் வரும் என்று அறிவித்தார்கள். பொன் முத்திரையைப் பிறகு குத்தலாம் என்று கடவுச்சீட்டையும் விடுவித்தார்கள். விமான நிலையத்துக்கு வெளியே ஒரு காணியில் சபை தன் செலவில் பந்தல் போட்டது. முதற் பயணியின் தகப்பன் மேடையில் இருக்க வேண்டும் என்று வாகனமே அனுப்பினார்கள்.

தில்லைநாதன் போக மனமில்லாமல் நின்றார். பத்மாசினி கண்ணைத் திறந்து கையால் போ என்று காட்டினாள்.

"போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள். பல நாளுக்குப் பிறகு முழுதாக வந்த ஒரு வசனம் அது.

பந்தல் வாசலில் கைத்தொலைபேசிகளை ஒரு பனையோலைக் கடகத்தில் வாங்கிப் போட்டார்கள். உரைகளுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதாம். வெளியே அதிகாரிகளின் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்கையை அடைத்து நின்றன. விமானம் குறித்த நேரத்துக்கு வந்தது. கிழக்கே தொண்டைமானாற்றுப் பக்கத்தால், அவருடைய முருங்கைக்கு மேலால்தான் வந்திருக்கும். சின்ன விமானம், சத்தமும் சின்னது. இறங்கி வந்த ஏழெட்டுப் பேரில் லக்சன் ஓடிவந்தான். தகப்பனைக் கண்டதும் கேட்டான்.

"அம்மா?"

"இருக்கிறா. உன்னைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறா. வா."

இரண்டடி வைத்திருப்பார்கள். நாதஸ்வரம் வழியை மறித்தது. மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. முதற் பயணியையும் தகப்பனையும் நான்கு பேர் அன்போடு தோளைப் பிடித்து மேடையில் இருத்தினார்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

தில்லைநாதன் குனிந்து கெஞ்சினார். "ஐயா, கடைசி நேரம் ஐயா. நாங்கள் போட்டு வாறம்."

தலைவர் தலையசைத்தார். ஒலிவாங்கிக்குள் சொன்னார்.

"பெரியோர்களே! இதோ ஒரு தாய், மரணப் படுக்கையில், மகனைக் காணத் துடித்துக்கொண்டிருக்கின்றார். அந்தத் தாய்க்கும் மகனுக்கும் நடுவே இருந்த தூரத்தை அழித்தது யார்? இந்தச் சபை! ஒரு கணமும் வீணாக்கக்கூடாத வேளை இது என்பதை நான் நன்கு அறிவேன். ஆகவே நேரத்தின் அருமை பற்றிச் சில வார்த்தைகள் மட்டும் கூறி அமர்கின்றேன்."

மேடையில் ஒருவர் பேசும்போது எழும்பிப் போகத் தெரியாத சனம் நாங்கள். பொன்னாடை போர்த்தியவரை அவமதித்ததாகிவிடும். செத்தவீட்டில்கூட அஞ்சலி உரை முடியும்வரை பிணம் காத்திருக்கும். தில்லைநாதன் முள்ளில் இருப்பது போல இருந்தார். லக்சன் இரண்டு தரம் எழும்பினான். பின்னால் நின்றவர்கள், "சந்தோசத்திலை துடிக்கிறார்" என்று சொல்லி இருத்திவிட்டார்கள். தலைவர் தாயன்பைப் பற்றிப் பேசினார். பறவைகளைப் பற்றிப் பேசினார். அந்த உருண்டையைத் தூக்கிக் காட்டினார். வட்டுக்கோட்டை பெரிதாகத் தெரிந்தது. சில வார்த்தைகள் அரை மணித்தியாலம் நீண்டன.

மூன்றாம் தரம் லக்சன் எழும்பியபோது தகப்பனும் எழும்பினார். தலைவரின் பேச்சு அப்போதும் பாதியில்தான் இருந்தது. மாலையோடும் பொன்னாடையோடும் பந்தலுக்குப் பின்னால் வேலியைத் தாண்டி இருவரும் றோட்டுக்கு ஓடினார்கள். பிடித்த ஓட்டோக்காரன், பொம்பிளை பார்க்கப் போறியளோ என்று கேட்டுவிட்டு, முகங்களைக் கண்டதும் வேகத்தைக் கூட்டினான்.

வீட்டு வாசலில் சனம் நின்றது. வழி விட்டார்கள்.

துஷாந்தினி கையில் கரண்டியோடு தாயின் தலைமாட்டில் இருந்தாள். தகப்பனைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"பிளேன் சத்தம் கேட்டவுடனை கண் முழிச்சவ. 'பொம்மர் இல்லை, சின்னவன்' எண்டவ. வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தா. மூச்சு அடங்கிக்கொண்டு வரேக்கை உன்ரை பேரைச் சொல்லிப் பால் பருக்கப் போனன். வாயை இறுக்கி மூடிட்டா. கையாலை கரண்டியைத் தட்டிவிட்டவ. நீ வந்திட்டாய்தானே, நீயே தரவேணுமெண்டு. எவ்வளவு கேட்டும் திறக்கேல்லை. எத்தினை தரம் போன் அடிச்சனான் அப்பா? இப்பத்தான்... இப்பத்தான் போனவ."

லக்சன் கரண்டியை வாங்கினான். மாலை கழுத்தில் கிடக்கக் குனிந்து, "அம்மா, நான்தான் தாறன்" என்றான். பால் உதட்டில் பட்டு, கன்னத்தால் வழிந்து, தலையணைக்குள் போனது. அவன் திரும்பவும் பருக்கினான். அருமைநாயகி வந்து கையைப் பிடிக்கும்வரை பருக்கிக்கொண்டே இருந்தான்.

தில்லைநாதன் அழவில்லை. அவர் நெஞ்சு உடைந்துதான் போயிற்று. அழுகை வெளியே வர வழி கிடைக்கவில்லை. பேரைச் சொல்லிப் பருக்கினால் நிம்மதியாகப் போயிருப்பாள். வேண்டாம் என்றது அவர். சுத்தி வராதே என்றதும் அவர். கிட்டத்தான் என்று அவர் சொன்னதை நம்பித்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எட்டாம் நாள் வீட்டில் எட்டுப் படைத்தார்கள். செத்தவர் ஆசைப்பட்டதெல்லாம் அன்றைக்குப் படைக்க வேண்டும். கேட்டுக் கிடைக்காததைக் கட்டாயம் படைக்க வேண்டும். தலைவாழை இலையில் சோறும், கணவாய்க் கறியும், றால் பொரியலும், அவள் ஒளித்துவைத்துத் தின்கிற பனங்கட்டியும், ஒரு குவளை பாலும் வைத்தாயிற்று. சாம்பிராணி போடுகிற நேரம் வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது.

தலைவர் செல்வரட்ணம் இறங்கினார். பின்னால் பிரியந்தினி, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பெரிய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் இலையையும் படத்தையும் பார்த்துவிட்டு வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டாள். தலைவர் நிற்கவில்லை. அனுதாபத்தைச் சுவருக்கு மேலே ஓரிடத்தைப் பார்த்துத் தெரிவித்தார்.

"உபகுழு தன் ஆராய்ச்சியை நிறைவு செய்துவிட்டது," என்றார். "அந்த அரை மணித்தியாலம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது வருகின்ற பயணிக்கே சொந்தம் என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்திருக்கின்றது. முதற் பயணி என்ற வகையில் உங்கள் மகனிடம் அதைக் கையளிக்க வந்திருக்கின்றோம். இனி இந்த அரை மணித்தியாலத்தை உங்களிடமிருந்து யாரும் பறிக்க முடியாது."

லக்சன் ஒரு அடி முன்னுக்கு வைத்தான். அவன் முகத்தைக் கண்ட துஷாந்தினி அவன் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டாள். தில்லைநாதன் மகனை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். இந்த முறை பிடித்துக்கொள்ள அவருக்குக் கதிரை தேவைப்படவில்லை.

"தாங்கோ ஐயா," என்று இரண்டு கையாலும் வாங்கினார். தோளில் கிடந்த துவாயால் கண்ணாடியை நன்றாகத் துடைத்தார். தலைவர் படம் எடுப்பதற்காகத் தன் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

தில்லைநாதன் திரும்பிப் போய், பனங்கட்டியை ஒரு பக்கம் அரக்கிவிட்டு, பால் குவளைக்குப் பக்கத்தில் அந்தப் பத்திரத்தை வைத்தார்.

"என்ன செய்கின்றீர்கள்?" என்று தலைவர் கேட்டார்.

"அவ கேட்டவ ஐயா," என்றார் தில்லைநாதன். பிறகு சாம்பிராணியைப் போட்டுக் கதவைச் சாத்தினார். படைத்த வீட்டில் செத்தவர் வந்து சாப்பிடும்வரை எல்லாரும் வெளியே நிற்க வேண்டும்.